பள்ளி, சமுதாயக் கூடம், பூங்கா மூன்றும் ஒரே வளாகத்தில்: சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி இதுதான். ஒரு பேரூராட்சியின் ஓரத்தில் புதிதாகக் குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. பக்கத்தில் நடுநிலைப் பள்ளி இல்லை, கூட்டம் போட ஒரு கூடம் இல்லை, பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா இல்லை. சுமார் 4 ஏக்கர் அரசு நிலம் ஒரே துண்டாகக் கிடைக்கும் போலிருக்கிறது. மூன்றையும் அதிலேயே சேர்த்துக் கட்டலாமா, அல்லது பின்னால் தொல்லையாகிவிடுமா? சேர்ப்பதென்றால் எதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்?

சேர்த்துக் கட்டலாம். சரியாகச் செய்தால் தனித்தனியாகக் கட்டுவதைவிட நிச்சயம் நல்லது. இப்படிப்பட்ட சில வேலைகளில் கட்டட வரைபடம் போடும் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் கூட்டத்திலேயே வரைபடத்தை விரிக்காதீர்கள். மாலை 5 மணிக்குப் பள்ளி மணி அடித்த பிறகு வெளிக் கதவின் சாவி யார் கையில் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பள்ளி மைதானத்தையும் பூங்காவையும் ஒன்றாக அமைத்தோம். நடுவில் அழகான ஒரு கதவு வைத்தோம். திறந்த ஆறாவது மாதத்திலேயே அந்தக் கதவில் பூட்டு தொங்கியது. தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. இரவில் யாரோ பாட்டிலை உடைத்துப் போட்டால் காலையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பொறுப்பை யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, பகிர்ந்துகொள்ளவும் இல்லை. அதனால் பூட்டினார். அந்தப் பூட்டு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

இந்த விஷயத்தை நூறு வருடத்துக்கு முன்பே நன்றாக யோசித்த ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கல்விச் செயலாளராக 1922 முதல் 1954 வரை இருந்த ஹென்றி மாரிஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றதுதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த கிராமங்கள் அன்று ஏழைக் கிராமங்கள். விவசாயம் நொடித்துப் போயிருந்தது, இளைஞர்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், ஊருக்கு ஊர் பழுதடைந்த சின்னப் பள்ளிகள். மாரிஸ் 1924-இல் ஓர் அறிக்கை எழுதினார். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகப் பள்ளி, நூலகம், மன்றம் என்று அரைகுறையாகக் கட்டுவதற்கு நம்மிடம் பணம் இல்லை. அருகருகே இருக்கும் ஊர்களுக்குப் பொதுவாக ஒரே இடத்தில் எல்லாவற்றையும் நன்றாகக் கட்டுவோம் என்பதே அதன் சாரம். அதற்கு அவர் வைத்த பெயர் கிராமக் கல்லூரி. மூன்று வயதில் உள்ளே வரும் குழந்தை முதுமையில்தான் அதை விட்டு வெளியேறும் என்று அதில் எழுதினார். பகலில் பிள்ளைகள், மாலையில் பெற்றோர், அதே கூரை, அதே தோட்டம்.

முதல் கிராமக் கல்லூரி சாஸ்டன் என்ற ஊரில் 1930-இல் திறக்கப்பட்டது. அப்புறம் பாட்டிஷம், லிண்டன். நான்காவது இம்பிங்டன், 1939-இல். அதை வடிவமைத்தவர்கள் வால்டர் குரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃப்ரையும். குரோப்பியஸ் ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியை நிறுவியவர், நாஜி ஆட்சி வந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் இருந்தார். கட்டி முடிவதற்குள் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார், ஃப்ரைதான் நின்று முடித்தார். ஜாம் தயாரிக்கும் சிவர்ஸ் குடும்பத்தார் நிலம் கொடுத்தார்கள். ஒரு பழைய மாளிகையைச் சுற்றியிருந்த தோப்பு அது. பெரிய மரங்களை வெட்டாமல் கட்டடத்தை அவற்றுக்கு இடையில் பொருத்தினார்கள்.

இம்பிங்டனின் தரைத்தள வரைபடத்தை எங்காவது பார்க்கக் கிடைத்தால் ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். நடுவில் அகலமான ஒரு நடைக்கூடம். அதுதான் முதுகெலும்பு. ஒரு பக்கம் வகுப்பறைகள் வரிசையாக, ஒற்றை மாடி, பெரிய சன்னல்களைத் திறந்தால் நேராகப் புல்வெளி. வேறொரு பக்கம் பெரியவர்களுக்கான பகுதி, லேசாக வளைந்த நீண்ட கட்டடம், அதில் நூலகம், பேசிப் பழக ஓர் அறை, விளையாட்டு அறை. இரண்டுக்கும் பொதுவான இடத்தில் பெரிய அரங்கு. மாலையில் வரும் விவசாயி வகுப்பறை வாசலைத் தாண்டாமலே நூலகத்துக்கும் அரங்குக்கும் போய்விடலாம். பகலில் பிள்ளைகளுக்கும் அதே அரங்கு, அதே நூலகம். சுவர் எழுப்பாமலே பிரித்திருக்கிறார்கள், எதையும் இரண்டு தடவை கட்டாமலே பகிர்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்து அரசு இன்று அதை முதல் தரப் பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்கிறது. இன்றும் அங்கே பள்ளி நடக்கிறது.

ஆனால் கட்டடத்தைவிட முக்கியமான ஒன்றை மாரிஸ் செய்தார். கிராமக் கல்லூரியின் தலைவருக்குத் தலைமை ஆசிரியர் என்ற பெயரைக் கொடுக்கவில்லை, வார்டன் என்றார். பகல் நேரப் பள்ளிக்கும் மாலை நேர ஊர் மன்றத்துக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. மாலையில் ஊர்மக்கள் உள்ளே வருவது அவருக்குக் கூடுதல் தொல்லை ஆகாது, அதற்காகவும்தான் அவருக்குச் சம்பளம். சாவி அவர் கையில். நான் முதலில் சொன்ன ஊரில் எங்களுக்கு இல்லாமல் போனது இந்த ஒரு ஆள்தான்.

இதே சிந்தனை இந்தியாவுக்கும் வந்தது, ஃப்ரையின் கை வழியாகவே. 1951-இல் சண்டிகர் நகரத் திட்டத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவுடன் சேர்ந்தவர்களில் மேக்ஸ்வெல் ஃப்ரையும் அவர் மனைவி ஜேன் ட்ரூவும் உண்டு. 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்று பிரித்த ஒவ்வொரு செக்டாரின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு பசுமைப் பட்டை ஓடுகிறது. பள்ளிகள், சமுதாய மையம், விளையாட்டுத் திடல் எல்லாம் அந்தப் பட்டையில்தான். குழந்தை வேகமான சாலையைக் குறுக்கே கடக்காமல் பள்ளிக்கு நடந்து போக வேண்டும் என்பது கணக்கு. இதற்கு இன்னொரு வேரும் உண்டு. அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929-இல் வகுத்த குடியிருப்பு அலகு என்ற கருத்து. சுமார் 160 ஏக்கர், நடுவில் பள்ளி, அதுவே ஊர் மன்றம், எந்த வீட்டிலிருந்தும் கால் மைல் நடை, நிலத்தில் பத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்கும் பூங்காவுக்கும். பெர்ரி அதற்கு முன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது எதை என்றால், மக்கள் பணத்தில் கட்டிய பள்ளிகள் மாலையில் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதைத்தான்.

சரி, உங்கள் 4 ஏக்கருக்கு வருவோம்.

முதல் வேலை தாலுகா அலுவலகத்தில். அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டில், என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரசு நிலம் என்று வாயால் சொல்வது போதாது. நீர்நிலைப் புறம்போக்கு, வாய்க்கால், ஓடை என்று இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்று தண்ணீர் இல்லாத குட்டை ஒரு பெருமழையில் தன் இடத்தைக் கேட்டு வரும், அப்போது அங்கே குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். நிலத்தில் ஒரு பகுதி மனைப்பிரிவுக்காரர்கள் பூங்காவுக்கென்று தானமாக எழுதிக்கொடுத்த திறந்தவெளி ஒதுக்கீடாகவும் இருக்கலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் அப்படி விட வேண்டும். அது பூங்காவாகவேதான் இருக்க வேண்டும். அதன் மேல் பள்ளிக் கட்டடமோ கூடமோ கட்டினால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரே ஒரு வழக்கில் வேலை நின்றுவிடும். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு வகை நிலமும் ஒட்டியிருந்தால் கட்டடங்களை ஒரு பக்கம், பூங்காவை அதற்குரிய பக்கம் என்று புலப்படத்தின் எல்லைக்கோட்டை வைத்தே பிரியுங்கள்.

அடுத்தது இடக் கணக்கு. 4 ஏக்கர் என்றால் சுமார் 16,000 சதுர மீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் யாராவது ஒருவர் எழுந்து முழு அளவுக் கால்பந்து மைதானம் வேண்டும் என்பார். 105 மீட்டருக்கு 68 மீட்டர், கிட்டத்தட்ட 7,140 சதுர மீட்டர். நிலத்தில் பாதி அதிலேயே போய்விடும், கட்டடம் போக மரத்துக்கு இடமே மிஞ்சாது. கோ-கோ களம் 27க்கு 16, கைப்பந்து 18க்கு 9, கபடி 13க்கு 10 மீட்டர். மூன்றையும் சுற்றியுள்ள ஓட்ட இடத்தோடு சேர்த்து வைத்தாலும் அரை ஏக்கருக்குள் முடிந்துவிடும். பள்ளியை இரண்டு தளமாகக் கட்டி, கூடத்தையும் சேர்த்தால் கட்டடங்களுக்கும் அவற்றை ஒட்டிய முற்றங்களுக்கும் 1 ஏக்கர், விளையாட்டுக்கு அரை, பாதைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் அரை, மீதி 2 ஏக்கர் பூங்கா. இது தோராயம்தான், ஆனால் கூட்டத்தில் பேசுவதற்கு இந்த மாதிரி ஒரு கணக்கு கையில் இருந்தால் வாதம் தரையிலேயே நிற்கும்.

இந்த மூன்றில் மிகச் சிக்கலானது சமுதாயக் கூடம். கேம்பிரிட்ஜ்ஷயரில் மாலையில் வந்தவர்கள் புத்தகம் படித்தார்கள், பாட்டுக் கற்றார்கள். நம் ஊரில் சமுதாயக் கூடம் என்றால் கல்யாணம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தனியார் மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்க முடியாத குடும்பத்துக்குக் குறைந்த வாடகையில் ஒரு கூடம் கிடைப்பது பெரிய உதவி, அதை மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் என்ன நடக்கும் என்று ஒரு முகூர்த்த நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். முந்தின நாள் மதியமே சமையல் சாமான் லாரி வரும். மாலையில் வரவேற்பு, ஒலிபெருக்கி. நள்ளிரவு தாண்டி அடுப்பு எரியும். காலையில் தவில், நாதஸ்வரம், அப்புறம் பந்தி, மதியம் வரை எச்சில் இலை, வண்டிகள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் குவியும்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும். கோடை விடுமுறை மட்டும் போதாது.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே ஒலி அளவு பகலில் 50 டெசிபல், இரவில் 40. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் அளவுக்கு வரும். 4 ஏக்கர் நிலத்தில் கூடத்தை எந்த மூலையில் வைத்தாலும் பள்ளியிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போவது கஷ்டம். ஆகவே ஒரு முடிவுக்கு வாருங்கள்: பள்ளி நாட்களில் காலை முதல் மாலை வரை கூடத்தில் ஒலிபெருக்கி கிடையாது, பெரிய சமையல் கிடையாது. ஞாயிறு, அரசு விடுமுறை, கோடை விடுமுறை ஆகிய நாட்களில் மட்டும் விசேஷங்களுக்கு வாடகை. மற்ற நாட்களில் அது படிப்பகம், போட்டித் தேர்வுப் பயிற்சி, மகளிர் குழுக் கூட்டம், மருத்துவ முகாம், பள்ளியின் ஆண்டு விழா. ஊரில் பெரும்பாலோர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் கல்யாணக் கூடத்தை வேறு நிலத்தில் கட்டச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்காமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அடிபடுவது பள்ளிதான். கல்யாண வீட்டாரிடம் பத்தாம் தேதி பரீட்சை என்று சொல்லும் தைரியம் எந்த அலுவலருக்கும் வராது.

சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். நம் மாநிலத்தில் பள்ளி வரைபடம் போடும் யாருக்கும் அந்த நாள் நினைவில் இல்லாமல் இருக்கக் கூடாது. உங்கள் வளாகத்தில் இரண்டு அடுப்படிகள் வரும். ஒன்று சத்துணவுக்கும் காலை உணவுக்கும், இன்னொன்று கூடத்துக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கூடத்தின் சமையலறை கூடத்துக்கும் அப்பால், பள்ளியிலிருந்து பார்த்தால் கடைசியில், வெளிச் சாலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர்கள் வெளியே தனி அடைப்பில். ஆடிக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, புகை வகுப்பறைப் பக்கம் போகாத மூலையைப் பிடியுங்கள். தீயணைப்பு வண்டி பள்ளியின் வாசல் வரை வரும் அளவுக்கு ஒரு பாதையும், அந்தப் பாதையில் எந்த நாளிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்ற ஏற்பாடும் வேண்டும். கல்யாணத்தன்று அங்கேதான் வேன்கள் நிற்கும். இரும்புக் கம்பம் நட்டுச் சங்கிலி போடுவது அறிவிப்புப் பலகையைவிட உதவும்.

இன்னொன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நம் பேச்சு வழக்கில் சமுதாயம் என்ற சொல்லுக்குச் சாதி என்ற பொருளும் இருக்கிறது. பல ஊர்களில் சமுதாயக் கூடம் யார் தெருவில் இருக்கிறதோ அவர்களுடையதாக ஆகிவிடுகிறது. மற்றவர்கள் கேட்கவே போவதில்லை. 1997-இல் தமிழக அரசு தொடங்கிய சமத்துவபுரங்களில், முதலாவது மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் அமைந்தது, 100 வீடுகளைச் சாதி கலந்து ஒதுக்கி, கூடத்தையும் பொதுவாக வைத்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் நிலம் எந்தத் தெருவை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு வாசல் வைத்து அது ஒரு பிரிவினரின் தெரு வழியாகத்தான் திறக்கும் என்றால், பாதி ஊர் உள்ளே வராது. பொதுச் சாலையில் வாசல் வையுங்கள், முடிந்தால் இரண்டு சாலைகளில். பள்ளியோடு சேர்த்துக் கட்டுவதில் எனக்கு உள்ள பெரிய நம்பிக்கையும் இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், அதனால் பள்ளியை ஒட்டிய கூடத்தை எங்களுடையது என்று யாரும் தனியாகச் சொல்லிக்கொள்ள முடியாது. முன்பதிவை இணையவழியிலோ, அலுவலகப் பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி தேதி வரிசையிலோ செய்தால் இது உறுதிப்படும்.

வேலி, கதவு விவகாரம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்குச் சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட்டு மைதானம் இரண்டும் கட்டாயம் என்று இருக்கிறது. ஆகவே பள்ளியைப் பூங்காவோடு முழுக்கத் திறந்து விட முடியாது, விடவும் கூடாது. நான் பரிந்துரைப்பது மூன்று வளையம். உள்ளே வகுப்பறைகள், கழிப்பறை, சத்துணவுக் கூடம், இவை எப்போதும் பள்ளிக்கு மட்டும். நடுவில் விளையாட்டுக் களம், நூலகம், அரங்கு, இவை பள்ளி நேரத்தில் பள்ளிக்கு, மாலையிலும் விடுமுறையிலும் ஊருக்கு. வெளியே பூங்கா, அது எப்போதும் ஊருக்கு. நடு வளையத்துக்கு இரண்டு கதவுகள் இருக்கும், பள்ளிப் பக்கம் ஒன்று, பூங்காப் பக்கம் ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். சிங்கப்பூரில் பள்ளி மைதானங்களையும் உள்விளையாட்டு அரங்குகளையும் பள்ளி நேரம் முடிந்த பிறகு பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கேயும் மைதானத்துக்குத் தனி வேலி, தனி வாசல், வகுப்பறைப் பக்கம் யாரும் போக முடியாது.

வேலியை ஆளுயரத்துக்கு மேல் கம்பி வலையாக வையுங்கள், கல் சுவர் வேண்டாம். பூங்காவில் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களின் கண் விளையாடும் பிள்ளைகள் மேல் படும். சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாத மூலைகள்தான் இரவில் கெட்டுப்போகின்றன. நடு வளையத்துக்கென்று தனிக் கழிப்பறை கட்டாயம் வேண்டும். இதை விட்டுவிட்டால் மாலையில் வருபவர்கள் பள்ளிக் கழிப்பறையைக் கேட்பார்கள், இரண்டாவது வாரமே அது நாறும், மூன்றாவது வாரம் கதவு பூட்டப்படும். நான் பார்த்த வரையில் பகிர்வு முறிந்துபோன இடங்களில் சண்டை தொடங்கியது பெரும்பாலும் கழிப்பறையில்தான், அல்லது மின்கட்டணத்தில்.

மின்கட்டணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மீட்டர்கள் மூன்று. பள்ளி ஒன்று, கூடம் ஒன்று, பூங்கா விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒன்று. ஆழ்துளைக் கிணறு பொதுவாக இருந்தாலும் தொட்டிகள் தனியாக.

நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் ஆசையோடு பேசுகிறேன். பள்ளிக்கு ஒரு சின்ன நூலக அறை, ஊருக்கு ஒரு கிளை நூலகம் என்று தனித்தனியாக இருந்தால் இரண்டுமே பாதி அலமாரியோடு நிற்கும். ஒன்றாக்கினால் நல்ல நூலகம் ஆகும். மாரிஸ் செய்தது அதைத்தான். மாலை 5 முதல் 7 வரை, இல்லம் தேடிக் கல்வி மாதிரியான வகுப்புகளுக்கும், வீட்டில் படிக்க இடமில்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், செய்தித்தாள் படிக்க வரும் தாத்தாக்களுக்கும் அதுவே இடம். பணம் குறைந்தால் கூடத்தின் மேடையையும் பளிங்குத் தரையையும் குறைத்துக்கொள்ளுங்கள், நூலகத்தைக் குறைக்காதீர்கள்.

பூங்கா. இதில் பெரும்பாலும் நடப்பது என்ன? சிமெண்ட் பாதை, ஒரு செயற்கை நீரூற்று, இரண்டு யானைச் சிலை, தண்ணீர் கேட்கும் புல். ஒரு கோடையில் எல்லாம் காய்ந்துவிடும். பாரிஸ் நகரில் 2018 முதல் பள்ளி முற்றங்களில் இருந்த தார்த் தளத்தைப் பெயர்த்துவிட்டு மரமும் மண்ணும் நிழலும் கொண்டுவரும் வேலை நடக்கிறது. வெயில் தாங்க முடியாத நாட்களில் அக்கம்பக்கத்து மக்கள் வந்து உட்காரும் பாலைவனச் சோலை என்பது அதன் எண்ணம், பெயரும் அதுவே. நமக்கு வெயிலைப் பற்றி பாரிஸ் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பள்ளி முற்றங்களில் வேப்பமரத்தடி வகுப்பு நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம், நாவல், கரைப்பகுதிக்கு நீர்மருது. பூ அழகாக இருக்கிறது என்று அரளி வைக்காதீர்கள், அதன் இலையும் காயும் விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள்.

நிலத்தின் தாழ்வான பகுதி எது என்று ஒரு மழை நாளில் போய்ப் பார்த்து அங்கே பூங்காவின் குட்டையை அமையுங்கள். கூரைத் தண்ணீரும் மைதானத் தண்ணீரும் அதற்கு வரட்டும். சென்னையில் அண்மைக் காலமாகப் பூங்காக்களில் இப்படிக் குளம் வெட்டி மழைநீரைத் தேக்குகிறார்கள். ஆழம் குறைவாக, கரை படிப்படியாக இறங்க வேண்டும். பள்ளிப் பக்கம் வேலி உறுதியாக இருக்க வேண்டும். தரைமட்டத்தைப் பொறுத்தவரை பள்ளியும் கூடமும் ஊரின் மேடான மட்டத்துக்கு மேல் இருந்தால் புயல் வெள்ளக் காலத்தில் கூடம் நிவாரண முகாம் ஆகும், பள்ளியை மறுநாளே திறந்துவிடலாம். தேர்தல் நேரத்திலும் இதே வசதி கிடைக்கும், வாக்குச்சாவடியைக் கூடத்துக்குக் கேட்டு வாங்கலாம். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப்பாதை எல்லா வாசலிலும் வேண்டும், பின்வாசலில் மட்டும் வைத்துக் கணக்குக் காட்டக் கூடாது.

இனி மறுபடியும் சாவி. நம் அமைப்பில் பள்ளி கல்வித் துறையின் கீழ், கூடமும் பூங்காவும் பேரூராட்சியின் கீழ் வரும். மாரிஸின் வார்டன் மாதிரி ஒருவரை நியமிக்க நம் விதிகளில் இடமில்லை. அதற்கு மிக நெருக்கமாக நாம் செய்யக்கூடியது, பேரூராட்சி சம்பளத்தில் ஒரு வளாகப் பொறுப்பாளர். வேலை நேரம் பிற்பகல் 3 முதல் இரவு 9 வரை. பள்ளி முடியும் நேரத்தில் தலைமை ஆசிரியரிடமிருந்து நடு வளையத்தின் சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்குவார், காலையில் பள்ளி தொடங்குமுன் துப்புரவுப் பணியாளர் களத்தைச் சுத்தம் செய்ததைப் பார்த்துவிட்டுப் பள்ளியின் காவலர் திரும்ப வாங்கிக்கொள்வார். அந்தக் குறிப்பேட்டில் என்ன உடைந்தது, எப்போது உடைந்தது என்று இருக்கும். மாலையில் நடந்ததற்குத் தலைமை ஆசிரியர் பொறுப்பில்லை என்பது எழுத்தில் இருந்தால் அவர் கதவைத் திறப்பார்.

இதை இரண்டு துறைகளும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து ஓர் ஒப்பந்தமாக எழுத வேண்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், உள்ளாட்சி உறுப்பினரும் உண்டு. ஊர் சார்பில் கேட்க அதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. நேர அட்டவணை, கூட வாடகை எவ்வளவு, அதில் எவ்வளவு பங்கு பள்ளிப் பராமரிப்புக்கு, உடைந்தால் யார் சரிசெய்வது, பொறுப்பாளர் விடுப்பில் போனால் யார், இவ்வளவுதான் நான்கு பக்கத்தில் வந்துவிடும். வாடகையில் ஒரு பகுதி பள்ளிக்கு நேராக வரும் என்றால் ஆசிரியர்களுக்கும் கூடத்தின் மேல் ஒரு பிடிப்பு வரும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் இதில் கையெழுத்து வாங்குங்கள். கட்டடம் திறந்த பிறகு கேட்டால் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே காகிதம் நடந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக வேலை வரிசை. நிதி பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் தனித்தனியாக வரும், பள்ளிக்கு ஒன்று, கூடத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர் நிதி, பூங்காவுக்கு வேறு. எது முதலில் வந்தாலும் முழு நிலத்துக்குமான ஒரே வரைபடம் முன்பே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் வரும் கட்டடம் நட்டநடுவில் போய் உட்கார்ந்துவிடும். மரம் நடுவதற்கு மட்டும் எந்த நிதிக்கும் காத்திருக்க வேண்டாம். நில எல்லையைச் சர்வேயர் அளந்து கல் நட்டதும், வரும் ஐப்பசி மழைக்கு முன் எல்லை ஓரமாகவும் மைதானத்தின் மேற்குப் பக்கமாகவும் குழி எடுத்துவிடுங்கள். கட்டடம் முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும். புங்கையும் பூவரசும் அதற்குள் ஆள் உயரத்தைத் தாண்டியிருக்கும், முதல் நாள் வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிற்பகல் வெயிலில் கொஞ்சம் நிழல் இருக்கும்.